பெனால்டிக்குப் பேர்போன மைதானம்: செவியாவில் ஒரு பிற்பகல்

ஸ்பெயினின் செவியாவுக்குப் போகிறவர்கள் கதீட்ரலையும் அல்காசர் அரண்மனையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நானும் பார்த்தேன், அழகுதான். ஆனால் நான் போனதே செவியா கிளப்பின் கால்பந்து மைதானமான ரமோன் சாஞ்செஸ் பிஸ்ஹுவான் ஸ்டேடியத்துக்காக. கதீட்ரலுக்குப் பக்கத்தில் புவெர்தா ஹெரெஸ் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் நெர்வியோன். வெளியே வந்தால் ஒரு வணிக வளாகம், அதை ஒட்டியே ஸ்டேடியம். முகப்பில் 1982 உலகக் கோப்பைக்காகச் செய்த பிரம்மாண்டமான மொசைக்.

அந்த 1982இல்தான் உலகக் கோப்பை வரலாற்றின் முதல் பெனால்டி ஷூட்அவுட், அதாவது சமனில் நின்ற ஆட்டத்தை இரு அணியும் மாறி மாறி பெனால்டி அடித்துத் தீர்ப்பது, இங்கே நடந்தது. அரையிறுதி, பிரான்ஸை மேற்கு ஜெர்மனி வென்றது. ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது 1986 மே 7.

ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதிப் போட்டி. பார்சிலோனாவுக்கு எதிரே ருமேனிய ராணுவத்தின் கிளப்பான ஸ்டெவா புகாரெஸ்ட். சுமார் 70,000 பேர் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாருமே பார்சிலோனா ரசிகர்கள். ஆட்டம் என்னவோ படு மந்தம். 120 நிமிடம், ஒரு கோல் இல்லை. பார்சிலோனாவின் ஷூஸ்டர் தன்னை மாற்றிவிட்ட கோபத்தில், ஆட்டம் முடியும் முன்பே ஸ்டேடியத்தை விட்டுப் போய்விட்டார்!

சுற்றுலாவில் புல்வெளியின் ஓரம் வரை அழைத்துப்போகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் பெனால்டி புள்ளிக்கும் கோலுக்கும் நடுவே உள்ள 11 மீட்டர் ஒன்றுமே இல்லாத தூரமாகத் தெரிகிறது. கோல்கீப்பர் எப்படித்தான் தடுக்கிறார் என்று மலைப்பாக இருக்கும். அன்றைய ஷூட்அவுட்டில் ஸ்டெவாவின் கோல்கீப்பர் ஹெல்முத் டுக்கடாம் பார்சிலோனாவின் நான்கு பெனால்டிகளைத் தடுத்தார், அதுவும் வரிசையாக. அலெக்ஸாங்கோ, பெத்ராசா, பிச்சி அலோன்சோ மூவருக்கும் தன் வலப்பக்கமே பாய்ந்தார். நான்காவதாக வந்த மார்கோஸுக்கு மட்டும் இடப்பக்கம். பாவம், பிச்சி அலோன்சோ. அரையிறுதியில் கோதன்பர்க்குக்கு எதிராக மூன்று கோல் போட்டு அணியை இங்கே கொண்டுவந்தவரே அவர்தான்.

பார்சிலோனா கோல்கீப்பர் உர்ருத்தியும் முதல் இரண்டைத் தடுத்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. லகடுஷும் பாலிண்டும் போட்ட கோல்களில் ஸ்டெவா 2-0 என வென்றது. கிழக்கு ஐரோப்பாவுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியக் கோப்பை அது. சில வாரங்களிலேயே டுக்கடாமின் கையில் ரத்தக் குழாய்க் கோளாறு வந்து ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. ருமேனியாவில் ஆட்சியில் இருந்தவர்கள் அவர் கையை உடைத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அவரே மறுத்தும் அது ஓயவில்லை. 2024 டிசம்பரில் 65 வயதில் காலமானார்.

ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீகின் 2022 இறுதிப் போட்டியும் இங்கேதான். அதுவும் பெனால்டியில் முடிந்தது. ரேஞ்சர்ஸின் ஆரோன் ராம்சி அடித்ததை கெவின் டிராப் தடுக்க, ஃபிராங்க்ஃபர்ட் ஜெயித்தது.

கடைசியாகக் கோப்பைகள் இருக்கும் இடம். செவியா கிளப்பின் ஏழு யூரோப்பா கோப்பைகளில் மூன்று, அதாவது 2007, 2014, 2023, பெனால்டியில் வந்தவை. பெனால்டியை லாட்டரி என்பவர்களை இங்கே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கலாம். எனக்குப் பிடித்தது 2007தான். கிளாஸ்கோவில் எஸ்பான்யோலின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார் கோல்கீப்பர் பாலோப். அதே தொடரில், ஷக்தார் அணிக்கு எதிராகத் தோற்று வெளியேறும் நிலையில் எதிரணி கோல்வரை ஓடிப்போய்த் தலையால் முட்டி கோல் போட்டவரும் அவரே!