அணியும் தாயமும்

எண்களை நிரைகளாகவும் (கிடைவரிசை) நிரல்களாகவும் (செங்குத்து வரிசை) அடுக்கி, இரு பக்கமும் அடைப்புக்குறியிட்டு எழுதும் அமைப்பைத் தமிழகப் பாடநூல்கள் ‘அணி’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்களோ அதையே ‘தாயம்’ என்கின்றன. இரண்டும் ‘மேட்ரிக்ஸ்’ என்ற சொல்லுக்கு ஈடாக வந்தவைதாம் என்றாலும், ஒன்று அதன் தோற்றத்தைக் காட்டுகிறது, மற்றொன்று அதன் பிறப்பை நினைவூட்டுகிறது.

படை அணிவகுத்து நிற்பதைப் போல எண்கள் நிற்பதால் ‘அணி’ என்ற பெயர் மாணவருக்கு உடனே விளங்கிவிடும். ஆனால் 1850இல் ஆங்கிலேயக் கணிதவியலர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் ‘மேட்ரிக்ஸ்’ என்ற பெயரைச் சூட்டியபோது அவர் மனத்தில் இருந்தது வரிசை அன்று, கருப்பை. லத்தீனில் அச்சொல்லுக்குக் கருப்பை என்ற பொருளும் உண்டு. ஓர் அணியிலிருந்து சில நிரைகளையும் நிரல்களையும் நீக்கி நீக்கிப் பற்பல அணிக்கோவைகளை (சதுரமாக அடுக்கிய எண்களிலிருந்து கணக்கிடும் ஒற்றை மதிப்புகளை) பெறலாம் என்பதால், அவற்றை ஈன்றெடுக்கும் தாயாக அவர் அதைக் கண்டார். (‘தாயம்’ என்பதற்கு உரிமைச் சொத்து, பகடையில் விழும் எண் என்றெல்லாம் பொருள் இருந்தாலும், என் காதில் விழுவது தாய்தான்.)

அணிகளுக்குத் தனி இயற்கணிதம் வகுத்தவர் ஆர்தர் கெய்லி. அவரது கட்டுரை 1858இல் வெளிவந்தது. அதில் வியப்பூட்டுவது பெருக்கல். 2 நிரைகளும் 3 நிரல்களும் கொண்ட அணியை, 3 நிரைகளும் 2 நிரல்களும் கொண்ட அணியால் பெருக்கினால் 4 உறுப்புகள் கிடைக்கும். வரிசையை மாற்றிப் பெருக்கினால் 9 உறுப்புகள். 1925இல் வெர்னர் ஹைசன்பர்க் அணுவைப் பற்றிய தம் கணக்கில் இத்தகைய விந்தையான பெருக்கலையே கண்டு தயங்கினார். அது அணிப்பெருக்கல் என்று இனங்கண்டவர் மாக்ஸ் போர்ன்.

கணினியில் கறுப்பு வெள்ளைப் படம் என்பது பெரும்பாலும் 0 முதல் 255 வரையிலான எண்களாலான அணியே. இங்கும் ‘அணி’ பொருந்துகிறது.

உயிரியலுக்குள் நுழைந்ததும் அது தடுமாறுகிறது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குள் நிறைந்திருக்கும் கூழ்போன்ற பொருளையும், நகம் முளைத்து வளரும் திசுவையும் ஆங்கில நூல்கள் ‘மேட்ரிக்ஸ்’ என்ற இதே சொல்லால் குறிக்கின்றன. நகத்தின் அடியில் நிரையும் இல்லை, நிரலும் இல்லை; அங்கே நடப்பது ஈனுதல் மட்டுமே என்பதால், அந்த இடத்தில் நான் ‘அணி’ என்று எழுதமாட்டேன்.