காசெண்ணும் அரசர்கள்

ஆங்கில மழலைப் பாடல்களில் அரசர்கள் நிறைய வருகிறார்கள். நாட்டை ஆள்பவராக மட்டும் ஒருவரும் தென்படுவதில்லை. பேத்தி எங்கள் காரைக்குடி வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) அமர்ந்து ஒப்பிக்கும் 'சிங் எ சாங் ஆஃப் சிக்ஸ்பென்ஸ்' பாட்டில், அரசர் கணக்கறையில் பணம் எண்ணுகிறார், அரசி உள்ளே ரொட்டியும் தேனும் உண்கிறாள், பணிப்பெண் தோட்டத்தில் துணி உலர்த்துகிறாள். மகுடத்தைக் கழற்றிவிட்டால் இது முகப்பில் ஆண்கள் வரவுசெலவு பார்க்க, இரண்டாங்கட்டில் பெண்கள் வேலையாக இருந்த பழைய செட்டிநாட்டு வீடுதான். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்து பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் ஊரில், காசெண்ணும் அரசரைக் கண்டு யார் வியக்கப்போகிறார்கள்? வட்டித்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாருக்கே 1929-இல் ஆங்கில அரசு 'செட்டிநாட்டு ராஜா' என்ற பரம்பரைப் பட்டத்தை வழங்கியது.

இந்த அரசர் பாட்டுக்குள் பிற்பாடு குடியேறியவர் என்பதுதான் எனக்குச் சுவையாகப்பட்ட செய்தி. 1744-ஐ ஒட்டி அச்சான பழைய வடிவில் முதல் கண்ணி மட்டுமே உண்டு; அதில் அப்பத்துக்குள் வேகிறவர்கள் இருபத்துநான்கு குறும்புப் பையன்கள், இன்றைய பாட்டில் அப்பத்துக்குள் வேகும் பறவைகள்கூட இல்லை. மதிலிலிருந்து விழும் 'ஹம்ப்டி டம்ப்டி'யின் 1797-ஆம் ஆண்டு வடிவத்திலும், இன்றைய பாட்டில் அவனைச் சேர்த்துவைக்க வரும் அரசரின் குதிரைகளும் ஆட்களும் இல்லை. எண்பது பேரும் மேலும் எண்பது பேரும் சேர்ந்தும் விழுந்தவனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை என்றே முடிகிறது. ஆகவே காசெண்ணுகிறவர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, மதிலிலிருந்து விழுந்தவர் மூன்றாம் ரிச்சர்டு என்று சிலர் உறுதியாக எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இப்பாடல்களைத் தொகுத்து 1951-இல் அகராதியாக வெளியிட்ட ஓப்பி தம்பதியரும் இத்தகைய ஊகங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை.

எங்கள் ஊர்த் தாலாட்டுகளில் ராசா தொட்டிலில் கிடக்கிறார். அழுகிற அவரை அடித்தது யாரென்று விசாரணை நடக்கிறது. அத்தை அடித்திருந்தாலும் அல்லிப்பூச் செண்டால்தான் அடித்திருப்பாள் என்று தாயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறாள். ஆட்சி என்று ஏதாவது நடப்பது இங்கேதான்.

தொட்டிலை ஆட்டும் பக்கத்தில் ஓர் அரசர் நிற்பதையும் தமிழில் காணலாம். சேர மன்னரான குலசேகராழ்வார், பெருமாள் திருமொழியின் எட்டாம் பதிகத்தில் 'மன்னுபுகழ்க் கோசலைதன்' எனத் தொடங்கி இராமனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார். அதற்கு முந்தைய பதிகத்தில், பெற்ற பிள்ளையைத் தாலாட்டக் கொடுத்துவைக்காத தேவகியாகவே மாறிப் புலம்புகிறார். அரியணையில் இருந்த ஒருவர் ஒரு தாயின் இழப்பை இவ்வளவு நெருங்கிப் பாடியதற்கு ஈடாக அந்த ஆங்கிலப் பாடல்களில் எதையும் நான் கண்டதில்லை. அங்கே 'ஓல்டு கிங் கோல்' பாட்டில் கோல் என்ற அரசர் புகைக்குழாயையும் கிண்ணத்தையும் பிடில்காரர் மூவரையும் வரவழைப்பதோடு சரி.