மேக்பெத்தும் ஒரு வட்டமும்

1976இல் ட்ரெவர் நன் இயக்கிய, ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் தொலைக்காட்சிப் பதிவை மறுபடி பார்த்தேன். முதலில் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில், தகரக் கொட்டகையான ‘தி அதர் பிளேஸ்’ அரங்கில் நடந்த நாடகம். கோட்டை இல்லை, காடும் இல்லை. தரையில் ஒரு வட்டம், சுற்றிலும் பெட்டிகள் மேல் நடிகர்கள். முறை வந்தால் எழுந்து உள்ளே போகிறார்கள், அவ்வளவுதான்.

விருந்துக் காட்சியில், மேக்பெத் ஆளனுப்பிக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவியாக யாருமே வருவதில்லை! மேக்பெத்தாக வரும் இயன் மெக்கெல்லன் வெற்றிடத்தைப் பார்த்து நடுங்க, நமக்கு முதுகு சில்லிடுகிறது. லேடி மேக்பெத்தாகத் தூக்கத்தில் நடக்கும் ஜூடி டென்ச்சின் அலறல் இருக்கிறதே, அப்பப்பா.

இந்த வெறும் மேடையைப் புதுமை என்கிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் அரங்கில் பட்டப்பகலில்தானே நாடகம்? பாங்கோவின் மகன் ‘நிலா இறங்கிவிட்டது’ என்றதும் மேடையில் நள்ளிரவு. அப்புறம் எதற்கு இன்றைய மேடைகளில் இந்த எல்இடி திரையும் புகை மெஷினும்?