மிளகாய்ப்பூ இலைப்பேனுக்குப் பேர் வாங்கிய கதை

மிளகாய்ப் பூவில் எடுத்த இலைப்பேன் 'த்ரிப்ஸ்' பேரினம்தான் என்று ஒருவழியாக எழுதிக் கொடுத்தாயிற்று. குடும்பம் வரைக்கும் வந்ததெல்லாம் ஒரு வேலையே இல்லை. வயிற்று நுனி குழாயாக இல்லை, பெண்ணுக்குக் கீழ்நோக்கி வளைந்த ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பு இருக்கிறது, எனவே த்ரிப்பிடே. அப்புறம்தான் பாடு.

முதல் குப்பி வயல் பணியாளர் சேகரித்து அனுப்பியது. கையில் கிடைத்த கெட்டி ஆல்கஹாலில் போட்டுவிட்டார். அதில் விழுந்த பூச்சி விறைத்து, உணர்கொம்பும் இறக்கையும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், விரிக்கப் போனால் ஒடிந்து கையோடு வரும். 60 சதவீதம் போதும் ஐயா, போதும். போதாக்குறைக்குப் பாதி குஞ்சுகள். கீ, அதாவது அடையாளம் காணும் வழிகாட்டிப் பட்டியல், எழுதியிருப்பது வளர்ந்த பெண் பூச்சிக்கு, குஞ்சை வைத்துக்கொண்டு அதில் ஒரு வரி நகர முடியாது.

மிஞ்சிய நல்லதை எடுத்துக்கொண்டு, பூச்சி அடையாளம் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். மாதிரி வாங்குகிறவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி?" என்றார். சீட்டு உள்ளே இருந்தது, ஆனால் பால்பாயின்ட் பேனாவில் எழுதியதால் ஆல்கஹால் எழுத்தை முழுசாகக் கழுவிவிட்டிருந்தது. வாயால் சொல்கிறேன் என்றால் வாங்க மாட்டாராம். பூவுக்கு வந்துபோகிற பூச்சிக்கும் அங்கேயே குடியிருக்கிற பூச்சிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதால் செடி பெயர் கேட்பது நியாயம்தான், ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "மிளகாய் என்றால் டார்சாலிஸ்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு தூரம்?" என்று, மிளகாயில் வழக்கமாக வரும் இலைப்பேனின் பேரை வேறு சொல்லி அனுப்பினார். பென்சிலில் எழுதுங்கள், சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்.

சரி, நாமே ஸ்லைடு போடுவோம் என்று திரும்பி, புதிதாகப் பூக்களைத் தட்டிச் சேகரித்தேன். ஸ்டோரில் கிராம்பு எண்ணெய் கேட்டால் இண்டென்ட் என்ற கோரிக்கைச் சீட்டு, இண்டென்டுக்குக் கையெழுத்து, கையெழுத்துப் போடுகிறவர் லீவு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று யோசனை வேறு. இந்தப் பூச்சி கருப்பு, 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து உள்ளே இருப்பதைக் கரைக்காமல் மயிர் எதுவும் தெரியாது, அதிக நேரம் விட்டாலோ உடம்பே சிதைந்துபோகும். அப்புறம் ஆல்கஹாலைப் படிப்படியாகக் கூட்டி, கிராம்பு எண்ணெய், கடைசியில் கனடா பால்சம் என்ற ஒட்டுப் பிசின். பால்சம் நன்றாகக் காய்வதற்குள் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸை இறக்காதீர்கள், கவர்ஸ்லிப் வழுக்கிக்கொண்டு போகும், பூச்சியும் கூடப் போகும்.

நல்ல ஸ்லைடு அமைந்ததும் எல்லாம் மடமடவென்று விழுந்தது. டார்சாலிஸ் இல்லை: அது வெளிர் மஞ்சள், முதுகுத்தட்டுகளின் பக்கவாட்டில் நுண்மயிர் நெருக்க வரிசையாக இருக்கும், இங்கே அது கிடையாது. பூவில் வரும் இன்னொரு இலைப்பேன் பேரினமான பிராங்க்ளினியெல்லாவும் இல்லை: அதற்குத் தலையில் தனிக்கண்களுக்கு முன்னால் இருக்கும் முதல் ஜோடி மயிர் உண்டு, கழுத்துத் தட்டின் முன் ஓரத்திலும் நீண்ட மயிர் உண்டு, இங்கே இரண்டும் இல்லை. வயிற்றின் எட்டாவது முதுகுத்தட்டில் டினிடியம் என்ற சீப்பு போன்ற நுண்மயிர் வரிசை சுவாசத்துளைக்குப் பின்புறம் இருந்தது, பிராங்க்ளினியெல்லாவில் முன்புறம் இருக்கும். அந்த ஒரு வரி போதும், த்ரிப்ஸ்.

முன் இறக்கையின் முதல் நரம்பில் மயிர்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக நின்றதுதான் கொஞ்சம் மிரட்டியது. இதே பேரினத்து இனங்களான டபாசியிலும் (வெங்காய இலைப்பேன்) பால்மியிலும் அங்கே இடைவெளி இருக்கும், அதையே பார்த்துப் பழகிய கண். அடிப்பக்கத் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் மூன்றிலிருந்து ஆறு வரை நடுவில் கூடுதல் மயிர், இரண்டாவதிலும் ஏழாவதிலும் காணோம். இது த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற இனம், 2015-ல் பெங்களூரில் பப்பாளியில் பதிவாகி, 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைச் சூறையாடியதே, அதேதான்.

ஸ்லைடை எடுத்துக்கொண்டு மறுபடி அதே அலுவலகத்துக்குப் போனேன், இந்த முறை பென்சில் சீட்டோடு. மைக்ராஸ்கோப்பில் எட்டாவது தட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஸ்லைடை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறீர்களா?" என்றார். ஒன்றைக் கொடுத்தேன். நல்லது என் பெட்டியில் இருக்கிறது.