வாக்கெடுப்பு வரை

ஏப்ரல் 3
சொத்துவரியை உயர்த்த ஊர் வாக்கெடுப்பில் சம்மதிக்காவிட்டால் ஒரு பள்ளியை மூடுவார்களாம். எது என்று யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 5
எதிர்வீட்டுப் பெரியவர் புல்வெளியில் ‘வேண்டாம்’ பலகையை நட்டுவிட்டார். குளிர்காலம் முழுவதும் கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிய மனிதர். “எனக்குப் பிள்ளை கிடையாது. அடுத்தவர் பிள்ளை படிக்க என் வரி எதற்கு உயர வேண்டும்?” என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் உறுத்துகிறது. இரவு அத்தையிடம் சொன்னேன். “நியாயமான கேள்விதானேம்மா” என்கிறார். ஆயுள் முழுக்க வகுப்பெடுத்தவர்! தூக்கம் போயிற்று.

ஏப்ரல் 6
இதே கேள்விக்கு ஹொரேஸ் மான் 1846-இலேயே பதில் எழுதியிருக்கிறார், எங்கள் மசாசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியச் செயலராகத் தந்த பத்தாவது ஆண்டறிக்கையில். மண்ணையும் மழையையும் நீ உண்டாக்கவில்லை; முன்னோர் உழைப்பும் உன் சொத்தில் கலந்திருக்கிறது; ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்காகச் சொத்தைக் காத்து வைத்திருக்கும் அறங்காவலர்தான்; ஆகவே ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய படிப்பும் அந்தச் சொத்தின் மேல் உள்ள கடன். படிக்கப் படிக்க உடம்பு சிலிர்த்தது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இதை எப்படிச் சொல்வது? 1980-இல் இதே மாநில மக்கள்தான் ஓட்டுப் போட்டுக் கடிவாளம் கட்டினார்கள்: புதுக் கட்டடங்களால் வருவதை விட்டுவிட்டால், ஊரின் சொத்துவரி வசூல் ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது, உயர்த்த வேண்டுமென்றால் வாக்கெடுப்பு. விலைவாசி இரண்டரையோடு நிற்கிறதா?

ஏப்ரல் 9
சின்னவளுக்குக் காய்ச்சல். 102.

ஏப்ரல் 10
இறங்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து பெஞ்சமின் ரஷ் படித்தேன். வேளை பார்த்துத்தான் கையில் எடுத்தேன் போலும். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஃபிலடெல்பியா மருத்துவர். குடியரசுக்கு ஏற்ற கல்வி எது என்று 1786-இல் எழுதுகிறார்: மாணவன் தனக்குச் சொந்தமானவன் அல்லன், பொதுச் சொத்து என்று அவனுக்குக் கற்பிக்க வேண்டுமாம். குடும்பத்தை நேசிக்கட்டும்; நாட்டின் நலன் கேட்டால் அதைக் கைவிடவும், மறக்கவும்கூடத் தெரிய வேண்டுமாம். மனிதர்களைக் குடியரசு இயந்திரங்களாக்க முடியும் என்று வேறு நம்புகிறார்.

1793-இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது நோயாளிகளின் ரத்தத்தைத் தாராளமாக வடித்தவர் இவர். பாடத்துக்கும் சரி, வைத்தியத்துக்கும் சரி, என் பிள்ளையை இவரிடம் விட மாட்டேன்.

ஏப்ரல் 11
வியர்த்துவிட்டது. ரசம் சாதம் கேட்டாள்.

ஏப்ரல் 13
பெற்றோர் கூட்டம். பள்ளி போனால் வீட்டு விலை எவ்வளவு இறங்கும் என்று அட்டவணை போட்டுக் காட்டினார் ஒருவர். கைதட்டல். அடுத்தவர் கல்லூரி அனுமதி பற்றி. வீட்டு விலையைக் கேட்ட பிறகு ரஷ்கூடக் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. அந்த ஆளாவது குடியரசு என்ற ஒன்றை மனத்தில் வைத்திருந்தார்.

ஏப்ரல் 15
பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன், வர்ஜீனியாவுக்காக 1778-இல் எழுதிய கல்வி மசோதா. கொடுங்கோன்மை எந்த வேடத்தில் வந்தாலும் மக்கள் அடையாளம் காண வேண்டும், அதற்காகவே படிப்பு. ஆண், பெண் இரு பாலாருக்கும் மூன்றாண்டு இலவசம். அப்புறம் ஏழைப் பையன்களில் தேர்ந்தவர்களை மட்டும் மேலே அனுப்புவது. ஆண்டுக்கு 20 மேதைகளைக் குப்பையிலிருந்து கிளறி எடுக்கலாம் என்று பின்னால் விளக்குகிறார். குப்பை! அவர் எழுதியதுதான், நான் சேர்க்கவில்லை. அதையும் வர்ஜீனியா சட்டமன்றம் நிறைவேற்றவில்லை. 1796-இல் நிறைவேறிய சட்டமோ பள்ளி தொடங்குவதா வேண்டாமா என்பதை மாவட்ட நீதிபதிகளிடம் விட்டது. அந்த நீதிபதிகள் வசதியானவர்கள், ஏழைகளின் படிப்புச் சுமையைத் தாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்று கடைசிக் காலத்தில் அவரே குறைப்படுகிறார். எதிர்வீட்டுப் பெரியவர் அங்கேயும் இருந்திருக்கிறார்.

மசோதா பேசுவது சுதந்திரமான பிள்ளைகளைப் பற்றி மட்டும். அவருடைய தோட்டத்தில் பிறந்த அடிமைக் குழந்தைகள் கணக்கில் இல்லை. பால்டிமோரில் அடிமைச் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது கணவன் தடுத்தான்: படிக்கத் தெரிந்தவன் அடிமையாக இருக்க லாயக்கற்றுப் போவான் என்றான். கல்வி எதற்கு என்று அறிக்கையும் மசோதாவும் எழுதாத ஆள்.

ஏப்ரல் 18
ஃபிராங்க்ளின் ஊருக்குப் போய் வந்தோம். 1778-இல் ஊருக்குத் தன் பெயரை வைத்ததற்காக, பிற்பாடு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 116 புத்தகங்கள் அனுப்பிவைத்தார். ஊர் எதிர்பார்த்தது தேவாலயத்துக்கு ஒரு மணி. புத்தகங்களை யார் எடுக்கலாம் என்று சண்டை; 1790-இல் ஊர்க்கூட்டம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஹொரேஸ் மான் அந்த ஊர் விவசாயி மகன். சிறு வயதில் வருடத்துக்குப் பத்து வாரத்துக்கு மேல் பள்ளி பார்த்ததில்லை, அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தார்.

“மணியே அனுப்பியிருக்கலாம்” என்றாள் சின்னவள்.

ஏப்ரல் 19
அத்தை பேசவில்லை. நேற்று காரில் நான் குரல் உயர்த்தியதுதான் காரணம்.

ஏப்ரல் 23
மனிதர்களைச் சமன்செய்யும் பெரும் கருவி கல்வி என்று மான் எழுதியது 1848. மறு ஆண்டே, பாஸ்டனில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி சாரா ராபர்ட்ஸ் வழியில் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டித் தன் பள்ளிக்கு நடக்க வேண்டியிருக்கிறது என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். அப்பா தொடுத்த வழக்கு. தோற்றார். 1855-இல்தான் சட்டம் மாறியது. மானின் அதே மசாசூசெட்ஸ்.

அந்த அறிக்கையை இன்று திறக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 29
ஊர்க்கூட்டம். வாக்காளர் அல்லாதோருக்குத் தனியாகக் கயிறு கட்டிய இடம், அங்கே உட்கார்ந்தேன். கிரீன் கார்டுக்காரி வரி கட்டலாம், வாக்களிக்கும் அட்டையைத் தூக்க முடியாது. பெரியவர் மைக்கைப் பிடித்துப் பள்ளிக் கூரையைப் பற்றி மட்டும் கேட்டார், வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. வாக்குச்சீட்டு அடுத்த வாரம்.

மே 2
வேலியோரம் நின்று மான் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டேன். அறங்காவலர், மண், மழை, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். “அந்த மனிதர் என் ஓய்வூதியத்தைப் பார்த்ததில்லை” என்றார்.

மே 4
அத்தை இப்போது என் கட்சி. ஏன் என்று கேட்கப் பயம்.

மே 5
பள்ளி உடற்பயிற்சிக் கூடம்தான் நாளை வாக்குச்சாவடி, பிள்ளைகளுக்கு விடுமுறை. பெரியவரின் கார் பழுதாம். காலையில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஏழரைக்குக் கிளம்ப வேண்டும்.