அம்மாவும் தண்ணீர்ப் போத்தலும்

யூன் 29, ஞாயிறு

"கிளிநொச்சியில இருந்துகொண்டு இரணைமடுவைப் பார்க்கப் போறியோ?" என்று அம்மா சிரித்தார். ஆனாலும் பின்னேரம் நாலு மணிக்குச் சீலை மாற்றி, கிணற்றுத் தண்ணீரை ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் நிரப்பிக்கொண்டு ஏறிவிட்டார். போன கிழமைதான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பாவித்ததுதான், எஞ்சின் நல்லது.

குளம் நன்றாக இறங்கிக் கிடக்கிறது. சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. 36 அடிவரை தேக்குகிற குளமா இது என்றிருந்தது. கட்டின் உட்பக்கக் கற்கள் பல்லிளித்தன. 2018 டிசம்பரில் இதே குளம் முட்டி, வான் கதவுகளைத் திறந்துவிட்டபோது எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். இங்கே தூறலாக இருந்தாலும் பரவாயில்லை, மேலே பெய்ததைக் கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்த்துவிடும்.

சோளகம் என்னைக் கட்டிலிருந்து தள்ளிவிடும் போல வீசியது. படம் எடுக்கப் போனைத் தூக்கினால் கை நிற்கவில்லை. அம்மா படத்துக்கு நிற்கவும் இல்லை. கீழே இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளி மணந்து பார்த்தார்.

"சேத்து மணம். மாரியில வந்து பார்க்கோணும்."

யூலை 6, ஞாயிறு

விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் நிற்காமல் ஏ9 வீதியில் எந்த வாகனமும் போவதில்லை. பஸ் சாரதிகள்கூட ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் ஏறுவார்கள். பிள்ளையார் இவ்வளவு பேரை மறிப்பது கச்சான் விற்கிற ஆட்களுக்காகத்தான் என்று எனக்கொரு சந்தேகம். வறுத்த சூட்டோடு ஒரு சரை வாங்கினோம்.

மாங்குளத்தில் முல்லைத்தீவு றோட்டுக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் காடு. வழியில் பாலைப்பழம் விற்றார்கள். சின்ன மஞ்சள் பழம், வாயில் போட்டால் தேன். ஆனால் பால் இருக்கிறதே, பத்துப் பழத்துக்குள் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டன. "மெதுவா, தம்பி, பேராசைப்படாத" என்று சொன்ன அம்மாவுக்கும் அடுத்த நிமிடம் வாய் திறக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் இருவரும் ஊமைகளாகக் கற்சிலைமடுவரை போனோம்.

1803 ஓகஸ்ட் 25இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தான். அதே வருடம் ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனை இந்த இடத்தில் தோற்கடித்தது. வென்றவர்கள் தங்கள் வெற்றிக்கு நட்ட கல், தோற்றவனின் நினைவிடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பண்டாரவன்னியன் நாடகத்தில் நான் குதிரை பிடிக்கிறவனாக நடித்தேன். வசனம் இல்லை.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் காலைப் பூசை முடிந்திருந்தது. குரக்கன் தட்டைக்கு நெருப்பு வைக்க, ஓரிடத்தில் மட்டும் வேகாமல் நின்றதாம். வெட்டிப் பார்க்க லிங்கம். அதனால்தான் வேகாவனம் என்ற பெயரும். சேனைப் பயிர் செய்த சனத்தின் கதை என்று கேட்டவுடனேயே தெரிகிறது. அரசன் கனவு கண்டான் என்கிற கதைகளைவிட எனக்கு இது பிடிக்கும்.

தண்ணீரூற்றில் ஒரு கோயில் கிணற்றில் அம்மா போத்தலைக் கழுவி நிரப்பினார். குடித்தார். இன்னொரு முறை குடித்தார். "இதல்லோ தண்ணி!" இதுவரை பார்த்த எல்லாவற்றுக்கும் சேர்த்துக்கூட இந்த முகம் மலரவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயிலில், வைகாசிப் பொங்கலுக்கு வந்த அவ்வளவு சனமும் எங்கே போனது என்பதுபோல் அமைதி. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம், பத்தாப்பளை, அது மருவி வற்றாப்பளை என்பார்கள். மாடு மேய்த்த பொடியள் கிழவியாக வந்தவவுக்குக் குடில் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ" என்றாவாம், எரிந்தது. பிறகு பேன் பார்க்கச் சொல்ல, தலை முழுக்க ஆயிரம் கண்கள். இப்போதும் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிப்பார்கள். எனக்குத் தலையைத் தடவிப் பார்த்த அந்தப் பொடியனை நினைத்தால்தான் பாவமாக இருக்கும்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே நந்திக்கடல். முழங்காலளவு நீரில் ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டு நின்றார். அம்மா தண்ணீரைத் தொடவில்லை.

வட்டுவாகல் பாலத்தால் ஏறி, புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போவதுதான் என் திட்டம். பாலத்தின் பெயரைச் சொன்னதும் அம்மா, "வந்த வழியாலயே போவம்" என்றார். 2009 மே மாதம் என்னையும் தங்கச்சியையும் பிடித்துக்கொண்டு அந்தப் பாலத்தை நடந்து கடந்தவர். எனக்கு எட்டு வயது. ஞாபகமிருப்பது ஒரு நீல வாளி மட்டும். சரி என்று திருப்பினேன்.

ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் பின் சில்லில் காற்றுப் போனது. இரண்டு கிலோமீற்றர் உருட்டினோம். ஒட்டுப்போடுகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மிச்சக் கச்சான் அங்கே முடிந்தது.

யூலை 10, வியாழன், போயா

சித்தப்பாவின் வானில் மன்னார். ஏழு பேர், ஒரு சட்டி புளிச்சாதம்.

திருக்கேதீஸ்வரம் முழுக்கக் கருங்கல்லாக எழுந்து நிற்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்த பிறகு காடு மூடிக் கிடந்ததை ஆறுமுக நாவலர் 1872இல் நினைவூட்டி எழுதியதிலிருந்து மீண்ட கதை நீளமானது. சிவராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் சனம் குடங்களில் பாலாவித் தீர்த்தம் அள்ளும். இன்று நாங்கள் மட்டும்தான். அம்மா இங்கே குடிக்கவில்லை, தலையில் தெளித்துப் போத்தலை நிரப்பினார்.

பள்ளிமுனைப் பெருக்குமரம் சித்தப்பாவுக்கு ஏமாற்றம். உயரம் 7.5 மீற்றர்தான், சுற்றளவோ 19.5 மீற்றர். ஏழு பேரும் கைகோர்த்தும் பாதிக்கு மேல் கொஞ்சந்தான் போனது. பட்டை யானைத்தோல் மாதிரிச் சுருங்கி, தொட்டால் குளிர்ச்சி. அராபிய வணிகர் கொண்டுவந்து வைத்தது என்கிறார்கள்.

கடைசியாக அரிப்பு. அல்லிராணி கோட்டை என்று ஊர் சொல்வது, உண்மையில் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. ஒரு பக்கச் சுவர்கள்தான் மிச்சம். கரையைக் கடல் அரித்து வருகிறது. செங்கல்லை விரலால் தட்ட, மாவாகக் கொட்டியது. இன்னும் சில மாரி தாங்குமோ தெரியாது. இங்கேதான் வடிவாகப் படங்கள் கிடைத்தன. வங்காலையில் பூநாரை பார்க்கலாம் என்று தங்கச்சிக்குச் சொல்லிக் கூட்டிப்போய் ஏச்சு வாங்கினேன். யூலையில் என்ன பூநாரை, மாரிக்குத்தான் அவை கூட்டமாக வரும்.

யூலை 13, ஞாயிறு

எங்கும் போகவில்லை. வீட்டுக் கிணற்றுக்குக் கயிறு போதாமல் இரண்டு முழம் முடிந்தேன்.

சாமித்தட்டில் அம்மா வைத்திருந்த பாலாவித் தீர்த்தத்தைத் தங்கச்சி தெரியாமல் எடுத்து அரைப் போத்தல் குடித்துவிட்டாள். அம்மாவுக்கு வந்த கோபத்தில் ஏசப்போய், பாதியில் நிறுத்திக் கேட்டார்: "எப்படி இருந்தது?"

"கொஞ்சம் பாசி மணம்."