நின்றுபோகும் புகை

2 ஆகஸ்ட் 2025, சனி

ஹூஸ்டன். இன்று கேஸ் கிரில்லில் கோழிக்கால் போட்டேன். கேஸ் அடுப்பில் சூடு கிடைக்கும், புகை கிடைக்காது. அதற்காகத்தான் இந்த ஸ்மோக்கர் டியூப் வாங்கினேன். 12 அங்குல நீளம், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட எவர்சில்வர் குழாய். உள்ளே சின்னக் குச்சித் துண்டு போன்ற மர பெல்லட்டுகளை நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்தால், சுருட்டு போல மெல்லப் புகைந்துகொண்டே மறுமுனைக்குப் போக வேண்டும். நான்கு மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எனக்கு இருபதே நிமிடம். லைட்டரை ஒரு நிமிடம் காட்டினேன், தீ பிடித்தது, மூடியை இறக்கினேன், அணைந்துவிட்டது. கோழி நன்றாக வெந்தது, புகை மணம் மட்டும் ஏறவே இல்லை.

போன வருடம் ஆஸ்டினுக்குத் தெற்கே லாக்ஹார்ட்டில் பார்பிக்யூ சாப்பிட்டதிலிருந்து அந்த ஓக் விறகுப் புகையின் வாசனை மனசை விட்டுப் போகவில்லை. அதில் பாதியாவது எங்கள் வீட்டுக் கொல்லையில் வர வேண்டும். செப்டம்பர் 1 லேபர் டே, இங்கே தொழிலாளர் தின விடுமுறை, நண்பர்கள் வருகிறார்கள். ஒரு மாதம் இருக்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

புரோப்பேன் டார்ச் வாங்கி வந்தேன். இரண்டு நிமிடம் பற்றவைத்தேன். நாற்பது நிமிடம் புகைந்தது. முன்னேற்றம்தான்.

9 ஆகஸ்ட், சனி

இன்றுதான் முதல் விஷயம் பிடிபட்டது. சாம்பிராணி போடும்போது கொழுந்துவிட்டு எரியும் தீயில் யாரும் போடுவதில்லை. கங்கு பிடித்த கரியின் மேல்தான் போடுவோம். குழாய்க்கும் அதே கணக்கு. நமக்கு வேண்டியது தீ இல்லை, கங்கு. ஆனால் கங்கு உருவாக முதலில் தீ நன்றாக எரிந்தாக வேண்டும். நான் தீ பிடித்த உடனே மூடியை இறக்கியதால் மேலே நாலு பெல்லட் கருகியதோடு சரி, உள்ளே சூடு இறங்கவில்லை.

இன்று குழாயை நிறுத்திவைத்து டார்ச்சால் பற்றவைத்து, முழுப் பத்து நிமிடம் தீயை அப்படியே எரியவிட்டேன். முனையில் ஓர் அங்குல ஆழத்துக்குச் செக்கச்செவேல் என்று கங்கு பிடித்த பிறகு ஊதி அணைத்துப் படுக்கவைத்தேன். குபுகுபுவென்று புகை வந்தது. இரண்டு மணி நேரம் ஓடியது. அப்புறம் பாதியில் நின்றுவிட்டது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று அணைந்த குழாயைக் கொட்டிப் பார்த்தோம். என் மனைவி ஒரு பெல்லட்டை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, இது ஒடியவே இல்ல. நமுத்துப்போன பொரி மாதிரி பிட்டுக்குது” என்றாள்.

அதேதான். பெல்லட் என்பது அழுத்திச் செய்த மரத்தூள். அழுத்தும்போது வரும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறியதும் தூளைப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். பெல்லட் ஊதி, மறுபடி தூளாகிவிடும். ஏப்ரலில் பிரித்த மூட்டை, ஹூஸ்டன் கோடைக்காற்றில் கராஜில் வாய் திறந்தபடி கிடந்தது. ஈர விறகு எரியாது என்று தெரிந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஊதிப்போனவற்றைத் தூக்கிப் போட்டேன். மீதியை ரவை சலிக்கும் சல்லடையில் சலித்தேன். ஒரு கிண்ணம் தூள் விழுந்தது. அந்தத் தூள்தான் பெல்லட்டுகளுக்கு நடுவே புகுந்து காற்றை அடைக்கிறது. பிறகு தட்டில் பரப்பி ஓவனில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். ஆறியதும் ஒடித்தால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. இறுக மூடும் வாளியில் கொட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். இனி கராஜ் கிடையாது.

16 ஆகஸ்ட், சனி

பெல்லட் காய்ந்துவிட்டது, கங்கும் பிடித்துவிட்டது. இன்று இடத்தில் தவறினேன். எரியும் பர்னருக்கு நேர் மேலே வைத்தேன். கீழிருந்து வந்த சூட்டில் குழாய் முழுக்கத் தீப்பிடித்து, 250 டிகிரியில் இருந்த கிரில் 320க்கு ஏறியது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் சாம்பல்.

சாயங்காலம் மறுபடி போட்டேன். எரியாத பக்கத்தில், இறைச்சிக்கு அடியில் வராமல் ஓரமாக வைத்தேன். அடியில் வைத்தால் கொழுப்பு சொட்டி, ஓட்டைகளை அடைத்து அணைத்துவிடும். குழாயின் அடியிலும் காற்று போகட்டும் என்று இரண்டு செங்கல் துண்டு கொடுத்து உயர்த்தினேன். நிரப்பும்போது குழாயைத் தரையில் மெதுவாகத் தட்டித் தட்டி நிரப்பினேன். நடுவில் இடைவெளி விழுந்தால் கங்கு அதைத் தாண்டி அடுத்த பெல்லட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே செத்துவிடுகிறது. மூன்றரை மணி நேரம் நிற்காமல் வந்தது!

புகையின் நிறம் பற்றி ஒன்று. மெல்லிய நீலப் புகைதான் நல்லது என்பார்கள். நன்றாக எரியும் விறகுத் தீயில் அது வரும். எரியாமல் புகைந்துகொண்டிருக்கும் குழாயில் கொஞ்சம் வெளுப்பாகத்தான் வரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் முதல் பத்து நிமிடம் வரும் தடித்த, கண்ணைக் கரிக்கும் புகை இறைச்சியில் படக் கூடாது, கசந்துவிடும். அது அடங்கும்வரை பொறுத்துத்தான் இறைச்சியை உள்ளே வைக்கிறேன்.

23 ஆகஸ்ட், சனி

மழை. கிரில் பக்கம் போகவில்லை. சீஸுக்குப் புகை போடலாமா என்று மகள் கேட்டாள். அதற்குக் கிரில்லின் உள்ளே 90 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீஸ் வியர்த்து உருகும். இங்கே வெளியிலேயே 90க்கு மேல். ஜனவரியில் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

1 செப்டம்பர், திங்கள், லேபர் டே

காலை 5 மணிக்கு எழுந்துவிட்டேன். 7 பவுண்டு போர்க் ஷோல்டர், அதாவது பன்றியின் தோள்பகுதி இறைச்சி. ஹிக்கரி மர பெல்லட். 5.40க்கு டார்ச், 5.50க்கு ஊதி அணைத்தேன். 6.05க்கு இறைச்சியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக உள்ளே வைத்தேன். குளிர்ந்த, ஈரமான மேல்தோலில்தான் புகை நன்றாக ஒட்டும். கிரில் 250 டிகிரி.

அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, மூடியைத் திறக்காமல், பின்பக்க இடுக்கில் புகை வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். 6.30, வருகிறது. 7, வருகிறது. 8.30க்குக் காற்று அடித்தது, அப்போதும் நிற்கவில்லை. 10 மணிக்கு மெலிந்தது. 10.10க்கு நின்றது. நாலு மணி நேரம் இருபது நிமிடம்.

இரண்டாவது குழாய் போடவில்லை. அதற்குள் மேல்தோல் காய்ந்து கருஞ்சிவப்பாகிவிட்டது, போதுமான புகை ஏறியிருந்தது. இறைச்சியின் உள்ளே 165 டிகிரி ஆனதும் ஃபாயிலில் சுற்றி, 203 வரும்வரை விட்டேன். 4 மணிக்கு எடுத்து ஒரு மணி நேரம் ஆறவைத்துப் பிய்த்தேன். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம்! தீயிலும் புகையிலும் இருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து வரும் நிறம் அது. என் மனைவி முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அது போதும்.

2 செப்டம்பர், செவ்வாய்

உள்ளே கங்கு ஒளிந்திருக்கலாம் என்று இரவு முழுக்கக் குழாயைத் தொடவில்லை. காலையில் இரும்பு வாளியில் கவிழ்த்தேன். பெல்லட்டுகள் அதே வடிவத்தில், வெள்ளைச் சாம்பலாக விழுந்தன. விரல் பட்டதும் உதிர்ந்தன. கருப்பாக ஒன்றுகூட இல்லை.